கிடைத்த தண்ணீரும் தேவைப்பட்ட தண்ணீரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் முன் வந்து பேசச் சொல்லி இரண்டு முறை அழைத்தீர்கள். நான் வரவில்லை. பேச ஆரம்பித்தால் குரல் உயர்ந்துவிடும். ரிட்டயர்டு ஆன பிறகும் இந்த மேடத்துக்குக் கோபம் அடங்கவில்லை என்று டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கோபம் இருக்கும், சத்தமாவது இருக்காது.

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று கணிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். தலைக்கு இத்தனை லிட்டர் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பெருக்கத் தெரிந்தால் போதும், அதற்கு நான் வேண்டியதில்லை. கையேட்டில் போடாத ஒன்று உண்டு. அந்த எண்ணைக் குறைக்கச் சொல்லி உங்கள் மேஜைக்கு எதிரே ஒருவர் வந்து உட்காருவார். அவர் கையிலும் ஒரு கணக்கு இருக்கும். "நேர்ல போய் அளந்தது" என்பார். அன்றைக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் இந்த வேலை. மற்றதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது.

நான் வளர்ந்தது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிப்டு வேலை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வாசலில் மாமரத்துக்கும் செம்பருத்திக்கும் ரப்பர் டியூப் ஓடிக்கொண்டே இருக்கும். அணைக்க மறந்துவிட்டு அம்மா பக்கத்து பிளாக்கில் பேசப் போய்விடுவார். தண்ணீரை யாராவது அளப்பார்கள் என்பதே நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நான் சொல்லப்போகிற காலனி கம்மாபுரம் பக்கம் இருக்கிறது. மைன்ஸுக்காக நிலம் எடுக்கப்பட்ட கிராமத்துக்காரர்களைக் குடிவைத்த இடம். நிலம் இருந்தவர்களுக்கு முன்பக்கத் தெருக்கள். நிலமே இல்லாமல் அவர்கள் வயலில் கூலிக்குப் போனவர்களுக்குக் கடைசித் தெரு. டேங்க் முன்பக்கம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே லைன். வெயில் காலம் வந்தால் கடைசித் தெருக் குழாயில் காற்றுதான் வரும்.

ஒரு கோடையில் அந்தத் தெருப் பெண்கள் காலிக் குடங்களைக் கொண்டுவந்து விருத்தாசலம் சாலையின் குறுக்கே அடுக்கிவிட்டார்கள். பஸ் நின்றது, கரி லாரி நின்றது, ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். போலீஸ் வந்து பேசிக் கலைத்தது. அன்று மதியம் எங்கள் செயற்பொறியாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேலை தெரிந்தவர். லைனில் எங்கே அடைப்பு என்று பிரஷரை வைத்தே சொல்லிவிடுவார். பெண் என்று என்னை ஆபீசுக்குள்ளேயே உட்காரவைக்காமல் சைட்டுக்கு அனுப்பிய முதல் அதிகாரி அவர்தான். அதனால்தான் அன்று அவர் பேசியது எனக்குக் கூடுதலாக எரிந்தது.

"தண்ணி பத்தாமப் போகலை. அளவு சரியாத்தான் போகுது. அங்க லைன்ல மோட்டார் போட்டு உறிஞ்சுறாங்க. யார் யார்னு பார்த்து ரிப்போர்ட் குடு. கனெக்‌ஷனைக் கட் பண்ணிடலாம்" என்றார்.

"சரியான அளவுன்னு யார் சொன்னது சார்?"

"கன்சல்டன்ட் எஸ்டிமேட் இருக்கே. வீட்டுக்கு வீடு சர்வே பண்ணியிருக்காங்க."

வெளியூரிலிருந்து வந்த ஆலோசனை நிறுவனம் ஒன்று அந்தக் கணிப்பைச் செய்திருந்தது. மற்ற தெருக்களுக்குப் போட்டதில் ஏறக்குறைய பாதிதான் கடைசித் தெருவுக்குப் போட்டிருந்தார்கள். "குறைந்த தேவை" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் காலை கடைசித் தெருவுக்குப் போனேன். மோட்டார் எந்த வீட்டில் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? நானே ஒவ்வொரு வீட்டுக் குழாயடியாகப் பார்த்துக்கொண்டு போனேன். தெருக் கோடியில் ஒரு வீடு. குழாயை ஒட்டி ஒரு சாக்கு மூடிக் கிடந்தது. அதைத் தூக்கினேன். சின்ன மோட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். பெயர் அஞ்சலை. என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை.

"ஆமா, போட்டிருக்கேன். என் தம்பி வூட்டு மோட்டாரு. போட்டும் பத்தலீங்க. கழட்டிக்கினு போறதுன்னா கழட்டிக்கினு போங்க."

"இது சட்டப்படி தப்பு தெரியுமா?"

"தெரியுங்க. உள்ள வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "மேடம், உள்ள வராதீங்க. நாத்தம் அடிக்கும்."

அது அவர் கணவர் கலியபெருமாள். கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். குள்ளஞ்சாவடி ரோட்டில் இவர் வண்டி மீது லாரி மோதியதில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கட்டிலில் கிடந்தார். சிறுநீரோ மலமோ அவர் கட்டுப்பாட்டில் இல்லை. விரிப்பை ஒரு நாளைக்குப் பல தடவை மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், அவரைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அப்போதே வந்திருந்தது.

நான் உள்ளே போனேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"பாருங்க, காலைல வெச்சது" என்றார் அஞ்சலை. "தண்ணியே குடிக்க மாட்டேங்குறாரு. குடிச்சா நனைச்சிடுவேன், தொவைக்கத் தண்ணிக்கு நீ எங்க போவேன்னு சொல்லிக்கினு வாய மூடிக்கிறாரு. இந்த வெயில்ல. டாக்டரு நெறைய குடிக்கச் சொல்லியிருக்காருங்க. நான் என்னா பண்ணட்டும்? அடிச்சா குடிக்க வெப்பேன்?"

கட்டிலில் இருந்தவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அவ ஒருத்தி எத்தினிவாட்டிதான் கொடம் தூக்குவா?"

எனக்கு அப்போது வந்த கோபம் யார் மீது என்று அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

"உங்க வீட்டுல சர்வே எடுக்க வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"இங்க எங்க வந்தாங்க? இந்த வூடு குடுக்கறதுக்கு மின்ன நாங்க தகரக் கொட்டாயில இருந்தப்போ ஒரு ஆளு வந்தான். லாரி தண்ணி வந்துகினு இருந்திச்சி, வூட்டுக்கு இத்தினி கொடம்தான்னு. அவன் ஓரமா நின்னுகினு யாரு எத்தினி கொடம் புடிக்கிறாங்கன்னு எண்ணிக்கினு, வூட்டுல யாரு யாருன்னு கேட்டு எழுதிக்கினு போனான். எதுக்குன்னு கேட்டோம். உங்களுக்கு நல்லதுக்குத்தான்னு சொன்னான்."

அங்கேயே நின்றபடி அந்த நிறுவனத்துப் பொறியாளருக்குப் போன் செய்தேன். உங்களைப் போல இளைஞர். மரியாதையாகப் பேசுவார். மறைக்கவும் இல்லை.

"ஆமா மேடம், டேங்கர் பாயின்ட்ல ஆக்சுவலா எடுத்த அளவுதான். கையேட்டு எண்ணை விட அதுதான் நம்பகமான டேட்டா."

"லாரியில வீட்டுக்கு இத்தனை குடம்தான்னு வரம்பு வெச்சிருந்தாங்களே?"

"அதுலயே சமாளிச்சிருக்காங்களே மேடம்."

"கலியபெருமாள்னு ஒருத்தர், கட்டில்ல கிடக்கிறார். அவரை எப்படிக் கணக்குல எடுத்தீங்க?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "படுத்த படுக்கை. குளிக்கப் போறதில்ல, வேலைக்குப் போறதில்ல. அதனால பயன்பாடு இல்லைன்னு வெச்சிருக்கோம் மேடம்."

அந்த வீட்டிலேயே அதிகத் தண்ணீர் தேவைப்படுகிற மனிதருக்கு அவர் சுழியம் போட்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. தம்பிகளே, தங்கைகளே, இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. நேரில் போனார், எண்ணினார், சரியாகக் கூட்டினார். ஆனால் அந்த மக்களுக்கு என்ன கிடைத்ததோ அதை எண்ணிவிட்டு, அவர்களுக்கு அவ்வளவுதான் வேண்டும் என்று எழுதிவிட்டார். சாப்பாடு இல்லாதவன் வீட்டில் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு இவனுக்குப் பசி குறைவு என்று எழுதுவது போல. குறைவாகக் கொடுத்து, கொடுத்ததை அளந்து, அளந்ததைக் காட்டி மேலும் குறைவாகக் கொடுக்க வழி செய்கிற கணக்கு அது. அதைச் செய்ய ஒரு கெட்டவன்கூடத் தேவையில்லை. நல்ல பையனே செய்துவிடுவான்.

மோட்டாரைக் கழற்றாமல் ஆபீசுக்குத் திரும்பினேன். செயற்பொறியாளர் அறையில் ரிப்போர்ட் ஏற்கெனவே டைப் செய்து இருந்தது. மோட்டார் வைத்திருக்கும் வீடுகளின் கதவு எண்களை நிரப்பி நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"மேல இருந்து மூணு போன் வந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கலியபெருமாள் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதையும் சொன்னேன். கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பாவம்தான். ஆனா ஒரு கேஸை வெச்சு எஸ்டிமேட்டை மாத்த முடியாது. நீ போடலைன்னா வேற ஒருத்தர் கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான்" என்றார்.

"அவங்க போடட்டும் சார். நான் போடமாட்டேன். ஒரு வாரம் அந்தத் தெருவுல ஒரு டேங்கரை நிறுத்துங்க. யாருக்கும் வரம்பு வைக்காம, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். எவ்வளவு எடுக்கிறாங்கன்னு அப்ப அளக்கலாம்."

"விட்டா அள்ளிக்கிட்டுப் போவாங்க."

"போகட்டுமே சார். பார்த்துடலாம்."

டைப் செய்த ரிப்போர்ட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒரு வாரம். மேல சொல்லிக்கிறேன். தப்பாப் போச்சுன்னா பொறுப்பு உன்னுது" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அனுமதி கிடைத்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் அவர் சொன்னபடியேதான் ஆனது. டேங்கர் வந்து நின்றதும் தெருவே ஓடி வந்தது. குடம், அண்டா, டிரம், பெயின்ட் வாளி, குக்கர், குழந்தையைக் குளிப்பாட்டும் டப், எதையும் விடவில்லை. ஒரு வீட்டில் நெல் கொட்டும் தகரப் பீப்பாயைக் கழுவி நிரப்பினார்கள். நான் ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்தேன். கன்சல்டன்ட் பையனும் வந்திருந்தார். போனில் வீடியோ எடுத்தார். மதியத்துக்குள் அது எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. கீழே ஒரு மூத்த அதிகாரி சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்.

செயற்பொறியாளர் போன் செய்தார். "பார்த்தியா? நிறுத்திடு. நாளைக்கு டேங்கர் வேணாம்."

நடுத்தெருவில், வெயிலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். அவர் சொல்வது தப்பு என்று காட்ட அப்போது என் கையில் ஒன்றும் இல்லை. என் கண்ணெதிரே பீப்பாய் நிரம்பிக்கொண்டிருந்தது. என் கணக்கே தப்போ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது.

"சார், நாளைக்குத் தண்ணி வராதுன்னு குவார்ட்டர்ஸ்ல மைக் வெச்சுச் சொன்னா உங்க வீட்டுல என்ன பண்ணுவாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் நானே தொடர்ந்தேன்.

"எங்க வீட்டுல சாம்பார் பாத்திரத்துல கூடப் பிடிச்சு வைப்போம் சார். இவங்களுக்குத் தினமும் அதே மைக்தான் கேட்டுக்கிட்டு இருக்கு. நாளைக்கும் லாரி வரும்னு இவங்க நம்புற வரைக்கும் விடுங்க. அப்புறம் அளந்து பார்க்கலாம்."

"நாளைக்கு ஒரு நாள்" என்றார். மறுநாளும் அதே கூட்டம், அதே ஓட்டம். அன்றும் கேட்டேன். அன்றும் "நாளைக்கு ஒரு நாள்" என்றார். இப்படியே கெஞ்சிக் கெஞ்சி வாரத்தின் நடுவுக்கு வந்தோம்.

அன்று காலை டேங்கர் வந்து நின்றது. யாரும் ஓடி வரவில்லை. டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தார். வெகு நேரம் கழித்து இரண்டு பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு குடத்தோடு வந்தார்கள். பிடித்துக்கொண்டு அதே பேச்சோடு திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து நான் எழுதிய எண்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. முதல் நாளை விட மிகக் குறைவு. ஆனால் கன்சல்டன்ட் போட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு. முன்பக்கத் தெருவுக்கு என்ன தேவையோ அதேதான் கடைசித் தெருவுக்கும் தேவையாக இருந்தது. வேறு எப்படி இருக்கும்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு லாரியும் ஒரு வாரமும் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இப்போதும் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது.

அஞ்சலை வீட்டுக்குப் போனேன். கொடி முழுக்க வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கலியபெருமாள் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"மேடம், ஒக்காருங்க" என்றார். மனைவியிடம், "மேடத்துக்கு டீ போடு. எனக்கும் ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார்.

முழுச் சொம்பையும் குடித்தார். குடித்து முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் பயிற்சி வகுப்புக்கு நல்ல கதையாக இருந்திருக்கும். முடியவில்லை.

ஆபீசில் வைத்து என் எண்களைக் காட்டினேன். கன்சல்டன்ட் பையன் ஒத்துக்கொண்டார். "ஆனா மேடம், குறைவா குடுத்தாலும் பழகிக்குவாங்க" என்றும் சொன்னார். நான் அவரிடம் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். செயற்பொறியாளர் என்னை அடக்கவில்லை. பழைய எஸ்டிமேட்டை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். கடைசித் தெருவுக்குத் தனி லைன், தனி டேங்க் என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அதற்கு நான் அவருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஃபைல் மேலே போனது. ஃபைல் மேலே போன அன்றே டேங்கரும் போய்விட்டது. ஆய்வு முடிந்துவிட்டதாம். லைன் வரும்வரை டேங்கரை விடுங்கள் என்று யார் யார் அறைக்கோ போய் நின்றேன். "தேவை எவ்வளவுன்னுதான் தெரிஞ்சுடுச்சே, இனி எதுக்கு டேங்கர்?" என்று ஒருவர் கேட்டார். தேவை தெரிந்துவிட்டதால் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அந்த வாக்கியத்தில் என்ன கோளாறு என்று அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

அடுத்த மாதம் என்னைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வருவதற்குள் மோட்டார்களைக் கழற்றும் வேலை முடிந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் நல்ல மனிதர், என் கல்யாணத்துக்கு வந்தவர். "ஆர்டர் வந்துச்சு, செஞ்சேன்" என்றார். அஞ்சலை வீட்டு மோட்டாரையும் கழற்றியிருந்தார்கள்.

கலியபெருமாளுக்குப் புண் பெரிதாகிக் காய்ச்சல் வந்தது. கடலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவர் உயிரோடு வரவில்லை. எனக்குச் செய்தி வந்து நான் போனபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அஞ்சலை என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டவில்லை. "வந்தீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் சிறிது நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

மழைக்காலம் போய், பொங்கலும் கழிந்த பிறகுதான் புது டேங்க் தயாரானது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். மாலை, மைக், நாற்காலி. பயனாளி யாராவது ஒருவர் பேச வேண்டும் என்று கடைசி நேரத்தில் ஏற்பாடு செய்தார்கள். குடம் அடுக்கிய மறியலில் முன்னால் நின்றவர், எல்லோருக்கும் தெரிந்த முகம் என்று அஞ்சலையைப் பிடித்துவந்து நிறுத்தினார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் மைக் அவர் கைக்குப் போய்விட்டது.

"நல்லாத் தண்ணி வருதாம்மா? சொல்லுங்க" என்றார் ஓர் அதிகாரி.

"வருதுங்க" என்றார் அஞ்சலை. மேடையில் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கடையில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க வூட்டுக்கு மட்டும் கொஞ்சம் கொறச்சிக்குங்க. ஒரு ஆளு இப்ப இல்லீங்க."

 அவர் மைக்கை மேஜை மீது வைத்துவிட்டு இறங்கி, பந்தலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் தெருக் கோடிக்கு நடந்து போனார். பக்கத்து நாற்காலியில் இருந்த செயற்பொறியாளர் தலை குனிந்துகொண்டார். கன்சல்டன்ட் பையன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்து நன்றியுரை என்று அறிவித்தார்.